முகம் கீறாத பத்துப் படங்கள்

என் மனைவியின் தம்பி கொழும்பில் கலைக் கல்லூரியில் படித்தான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கல்முனையில் கடைப் பலகைகளுக்கும் சைக்கிள் மட்கார்டுகளுக்கும் பெயின்ட் அடித்துப் பிழைத்தேன். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் இருக்க வேண்டும். அதனால் அவன் வளர்ந்த வீடே எனக்கும் வீடானது. விடுமுறைக்கு அவன் வரும்போதெல்லாம் கல்லூரியும் அவனோடு எங்கள் முற்றத்துக்கு வந்துவிடும்.

பத்திரிகைப் படங்களை வெட்டித் தலைகீழாக ஒட்டுவான். சந்தை இரைச்சலை டேப்பில் பிடித்து வந்து போட்டுக் காட்டுவான். இருட்டறையில் வெறும் வெள்ளைத் தாளை மருந்துத் தண்ணீரில் போட்டால், கொஞ்சம் கொஞ்சமாக அதில் ஒரு முகம் கிளம்பி வரும் என்று சொன்னான். எனக்கு அது பேய்க் கதை போல இருந்தது. எனக்கும் ஒன்று சொல்லித் தந்தான்.

"மச்சான், நீங்க எழுத்துக் கீறக்குள்ள எழுத்தத்தானே பாக்கிறீங்க? எழுத்துக்கு நடுவில கிடக்கிற வெறும் இடத்தப் பாருங்க."

அதன் பிறகு என் பலகைகள் திருந்தின. நான் அவனிடம் நன்றி சொல்லவில்லை. யாரோடும் வாய் திறந்து கதைக்கக் கூச்சப்படுகிற ஆள் நான்.

கடைசி வருடம் அவனுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். சொந்த ஊர்த் தெருவைப் பத்துப் படங்களாக அச்சடிக்க வேண்டும். கல்லூரிக்குக் கொண்டுபோக முதல், எந்த ஊரைப் படமாகக் கீறினானோ அந்த ஊருக்கே காட்டி, சனம் சொல்வதை ஒரு கொப்பியில் எழுதி வாங்க வேண்டும். மருதமுனையிலிருந்து காரைதீவு வரை கரையோர வீதியில் ஒரு மாதம் அலைந்து கீறினான். மரச்சட்டத்தில் மெல்லிய துணியை இழுத்துக் கட்டி, மையை ஊற்றி, என் பழைய செருப்பில் வெட்டிய ரப்பரால் அதைத் தள்ளித் தாளில் இறக்கினோம். மை குழைத்தது நான்.

மாமி அடுப்படியிலிருந்து வந்து பார்த்தார்.

"மனே, உசிருள்ளதக் கீறாத. இதுக்கு உசிரக் குடு எண்டு மறுமையில கேட்டா என்ன செய்வாய்?"

"முகம் இல்லாட்டிச் சரியா உம்மா?"

"முகம் இல்லாட்டி அது மனிசன் இல்லத்தானே."

எல்லா முகங்களையும் அவன் வெள்ளையாக விட்டான். தாய்க்காகத்தான் செய்தான், ஆனால் அதில் வேறு நன்மையும் கண்டான். "ஆர் எண்டு ஒருத்தருக்கும் தெரியாதே மச்சான். இந்தக் காலத்துக்கு அதுதான் நல்லம்."

எண்பதுகளின் நடுப்பகுதி அது. வீதியில் படையினரின் ஜீப்புகள் கூடியிருந்தன. இளம் பையன்கள் வீட்டில் சொல்லாமல் காணாமல் போனார்கள். சிலர் தாமாக இயக்கங்களில் சேரப் போனார்கள், சிலரைப் படையினர் கொண்டுபோனார்கள். ஒரு ஊரார் அடுத்த ஊருக்குப் போனால் பொழுதுபட முதல் திரும்பிவிடப் பழகியிருந்தார்கள். முகம் இல்லாவிட்டால் ஆபத்தில்லை என்று நானும் நம்பினேன்.

சந்தைக்குப் பக்கத்து வாசிகசாலையில் படங்களைத் தொங்கவிட்டோம். முதல் நாளே சனம் நிறைந்துவிட்டது.

"டேய், இது நம்மட மீன் யாவாரி. கழுத்தப் பாரு, கொக்கு மாதிரி."

"அந்த ஓட்டக் குட ஊரில வேற ஆரிட்ட இரிக்கி? ஹாஜியார்தான்."

"மூஞ்சி இல்லாம மனிசன் வடிவாத்தான் இரிக்கார்."

"அப்ப உன்னையும் அப்பிடியே கீறச் செல்லு."

சிரிப்பு. நான் மட்டும் மற்றப் படங்களையும் ஒருமுறை திரும்பப் பார்த்தேன். எங்கள் ஊரில் யாரும் யாரையும் முகத்தைப் பார்த்து அடையாளம் காண்பதில்லை. வெகு தூரத்தில் வரும்போதே நடையில், குடையில், சைக்கிளில் கண்டுகொள்வோம். அவன் முகத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் அச்சொட்டாகக் கீறியிருந்தான்.

பத்தாவது படத்தில் காரைதீவு வீதி வளைவு. ஒரு மரம். அதன் கீழே நீளக் காற்சட்டை போட்ட மூன்று இளைஞர்கள். கூடை கட்டிய சைக்கிளோடு ஒருவர் அவர்களிடம் எதையோ நீட்டுகிறார். பின் மட்கார்ட் நீலம். மூன்று வெள்ளைக் கோடு, நடுவில் ஒரு சிவப்பு வைரம். அந்த வைரத்தை அடித்தது நான்.

சைக்கிள்காரர் காரைதீவைச் சேர்ந்த தயிர்க்காரர், என் வயதுக்காரர். தினமும் காலையில் தயிர் விற்று முடித்து என் பெயின்ட் கடையில் பால் விடாத பிளேன்டீ ஒன்று குடித்துவிட்டுத்தான் திரும்புவார். ஊருக்கு ஏழெட்டுத் தயிர்க்காரர்கள் வந்தார்கள். சிவப்பு வைரம் இவர் ஒருவருக்குத்தான். "ஆரும் களவெடுத்தா அரைக் கட்டை தூரத்திலயே எனக்குத் தெரியோணும்" என்று கேட்டு வாங்கியது. அந்த மூன்று பேரும் யார் என்று எனக்கு இன்றும் தெரியாது. இயக்கப் பையன்களாக இருக்கலாம், வெறுமனே தயிர் வாங்க நின்றவர்களாகவும் இருக்கலாம்.

கொப்பியைப் புரட்டினேன். யாரோ எழுதியிருந்தார்கள்: 'பத்தாவது படம், நம்மட காரைதீவுத் தயிர்க்காரர். நல்லா இரிக்கி.'

அந்தப் படத்தைக் கழற்று என்று அவனிடம் சொல்ல நினைத்தேன். கல்லூரியில் படிக்கிறவனுக்கு ஐந்தாம் வகுப்புக்காரன் என்ன சொல்வது? நாளை சொல்வோம் என்று விட்டேன்.

மூன்றாம் நாள் பின்னேரம் ஜீப் வந்தது. நான்கு பேர் இறங்கினார்கள். ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு வந்து பத்தாவதில் நின்றார்கள். நான் கொப்பியை எடுத்துச் சாரனுக்குள் சொருகிக்கொண்டேன். ஒருவர் தமிழ் கதைத்தார்.

"கீறினது நீயா?"

"ஓம் சேர்."

"முகம் எங்க? மறைக்கிறியா?"

"இல்ல சேர். உம்மா வேணாம் எண்டாங்க."

"இது ஆருட சைக்கிள்?"

"தெரியாது சேர். கண்டதக் கீறினன்."

அவனுக்கு உண்மையாகவே தெரியாது, கொப்பியை அவன் இன்னும் படித்திருக்கவில்லை. தெரிந்த பத்துப் பேர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். தமிழ் கதைத்தவர் எங்களைச் சுற்றிப் பார்த்தார். "நாளைக்கு றோட்டில பாப்பம்" என்றார். படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் ஒரு டின் கறுப்பு இனாமலும் தூரிகையும் எடுத்துக்கொண்டு காரைதீவுக்குச் சைக்கிளை மிதித்தேன். மாரிகாலம், தூறிக்கொண்டே இருந்தது. தயிர்க்காரரின் வீட்டில் மனைவியும் பிள்ளைகளும் அவளுடைய உறவுக்காரரும் வாசலில் நின்றார்கள். அத்தனை பேரைக் கண்டதும் என் வாய் அடைத்துக்கொண்டது.

"மட்கார்ட் பெயின்ட் உரிஞ்சி கிடக்கு. வேற அடிச்சித் தாறன்."

"இப்பயா? இந்த மழைக்கயா? உனக்கென்ன விசரா?" என்றார் தயிர்க்காரர். டின்னைத் திறந்ததும் எட்டிப் பார்த்தார். "என்னடா கறுப்பு? என்ட சைக்கிள் செத்துப்போச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் குனிந்துகொண்டு அடித்தேன். வெயில் காலத்தில் இனாமல் அரை நாளில் காயும். மாரியில் இரண்டு நாள் வேண்டும். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் வைரத்தின் மேல் தூரிகையை இழுத்தேன். ஜீப் வந்தது, உன் சைக்கிளைக் கேட்டார்கள், படத்தையும் கொண்டுபோனார்கள் என்ற சொற்கள் நாக்கிலேயே கிடந்தன. தனியே கூப்பிட்டுச் சொல்வோம் என்றிருந்தேன். அவர் மனைவி தேத்தண்ணி கொண்டு வந்து பக்கத்திலேயே நின்றாள். வெளி வாசல் வரை பிள்ளைகளும் வந்தார்கள்.

"நாளைக்கு மழ கூடப் பெய்யும். வராம இரி" என்றேன்.

"மழைக்குப் பயந்தா தயிர ஆரு விக்கிற? பிளேன்டீயப் போட்டு வை."

மறுநாள் வெள்ளனவே அவரை வழியில் மறிக்கப் போனேன். பிந்திவிட்டேன். படையினர் வீதியை அடைத்து, சைக்கிள்களை வரிசையில் விட்டிருந்தார்கள். தயிர்க்காரரும் அதில் நின்றார். என்னைக் கண்டு கையைத் தூக்கினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

படைக்காரர் ஒருவர் ஒவ்வொரு மட்கார்டாகப் பார்த்துக்கொண்டு வந்தார். கறுப்பைக் கண்டு தயிர்க்காரரைப் போகச் சொன்னார். சைக்கிள் நகர்ந்தது. நான் மூச்சு விட்டேன். அப்போது படைக்காரர் தன் காற்சட்டையைப் பார்த்தார். முழங்காலில் கறுப்பு ஒட்டியிருந்தது. "நில்" என்றார். பெருவிரலால் மட்கார்டைத் துடைத்தார். ஒரு வெள்ளைக் கோடு வந்தது. இன்னும் துடைத்தார். மச்சான் சொன்ன இருட்டறைத் தாள் போல, என் வைரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பி வந்தது. பழைய பெயின்ட் என்றால் ஒரு கேள்வியோடு போயிருக்கலாம். நேற்று மறைத்த பெயின்டுக்குத் தயிர்க்காரரிடம் என்ன பதில் இருக்கும்? அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். யார் அடித்தது என்று கேட்டார்கள். அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தயிர்ச்சட்டிகள் பகல் வரை வீதியோரம் இருந்தன. காகங்கள் தவிர யாரும் கிட்டப் போகவில்லை.

கொப்பியை அன்றே அடுப்பில் போட்டேன். மச்சான் ஒன்பது படங்களோடு கொழும்புக்குப் போனான். பத்தாவது மழையில் நனைந்துவிட்டது என்று சொன்னானாம். சித்தியடைந்தான். அதற்குப் பிறகு அவன் எங்கள் வீட்டில் ஒன்றும் கீறவில்லை.

நெல் வேளாண்மை வெட்டி முடிந்த பிறகு தயிர்க்காரரை வெளியே விட்டார்கள். கேள்விப்பட்டு, பல நாள் யோசித்து, ஒரு பின்னேரம் போனேன். கதிரையில் இருந்தார். வலக்கையின் விரல்கள் மடங்கவில்லை. வீட்டில் வேறு யாரும் இல்லை. இப்போது சொல்லலாம் என்று இருந்தது, ஆனால் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

"அண்டைக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா மாமாட வீட்ட போய் இருந்திருப்பன்" என்றார்.

"ஆக்கள் நிண்டாங்க" என்றேன்.

அவர் இடக்கையால் வலக்கையைத் தூக்கி மடியில் வைத்தார்.

"ஓம்" என்றார். "ஆக்கள் நிண்டாங்கதான்."