தைரியத்துக்கு நான் போட்ட எண்கள்

கேரளத்துக் கழக்கூட்டத்தில் நெடுஞ்சாலையோரம் ஒரு ஜெராக்ஸ் கடையில் நான் வேலை பார்த்த காலம். ஐ.டி. பார்க்கில் வேலை செய்யும் மதுரைக்காரர் ஒருவர் தடித்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்றோடு வந்து, முழுசாகக் காப்பி எடுத்து ஸ்பைரல் போடச் சொன்னார்.

"புத்தகம் என்னது இல்லப்பா. ஃபிரெண்டுது. நாளன்னைக்கு அமெரிக்கா கிளம்புறான். பாத்து."

பார்த்து என்று எனக்குச் சொல்லவே வேண்டாம். ஷட்டரைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாப் வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். ஒன்பதாவதில் பள்ளிக்கூடத்தை விட்டதற்கும் பெரிய காரணம் ஒன்றுமில்லை. பரீட்சை நாள் காலையில் வாந்தி வரும். தென்காசிப் பக்கமிருந்து வந்து ஓட்டலில் வேலை பார்த்த அப்பா மூன்று வருஷம் வைத்தியம் செய்து பார்த்துவிட்டு, "சரி விடு, வாந்தி வராத வேலையா ஒண்ணு பாப்போம்" என்றார். அப்படித்தான் காப்பி மெஷினுக்கு வந்தேன்.

தடித்த புத்தகத்தைக் காப்பி எடுக்கும்போது கண்ணாடிமேல் கவிழ்த்து அதன் முதுகை உள்ளங்கையால் நன்றாக அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் நடு மடிப்பில் கறுப்பாக விழும். அங்கே இருக்கும் எழுத்து போய்விடும். தொழிலில் முதல் நாள் சொல்லித் தருகிற பாடம் இது. எனக்கோ, அமெரிக்கா போகிற புத்தகத்தின் முதுகு என் கையில் உடைந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம். பூவை வைப்பதுபோல வைத்து எடுத்தேன். அசலை வாங்கிக்கொண்டு அவர் போன பிறகு, காப்பியை ஒவ்வொரு தாளாகச் சரிபார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. இருபது இருபத்தைந்து பக்கங்களில் மடிப்பை ஒட்டிய கடைசிக் கட்டம் அப்படியே கறுப்பு.

அது என்ன புத்தகம் என்று அதற்குள் எனக்கு ஒரு மாதிரி பிடிபட்டிருந்தது. டிக்‌ஷனரி வைத்துக்கொண்டு விரலால் தொட்டுத் தொட்டுப் படித்திருந்தேன். அது ஒரு ஆட்டத்தின் விதிப்புத்தகம். பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் நடுவராக உட்கார்ந்து, 'பாழடைந்த கோட்டைக்குக் கீழே ஒரு சுரங்கம், எதிரே கதவு, உள்ளே ஏதோ மூச்சு விடும் சத்தம்' என்று சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ இருந்து, தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். முடிவைப் பகடை சொல்லும். சுரங்கத்தில் இருக்கும் பூதம், பல்லி, ஓநாய் எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு வரி: எவ்வளவு அடி தாங்கும், எவ்வளவு வேகம், கடைசியில் தைரியம் எவ்வளவு. தைரியத்துக்கு இரண்டு முதல் பன்னிரண்டு வரை ஒரு எண். சண்டை முற்றும்போது நடுவர் இரண்டு பகடையைப் போடுவார். அந்த எண்ணைவிடக் கூடுதலாக விழுந்தால் பூதம் பயந்து ஓடும், அல்லது கையைத் தூக்கிச் சரணடையும். இல்லாவிட்டால் நின்று எதிர்க்கும்.

மடிப்பு விழுங்கியது அந்தத் தைரியக் கட்டத்தைத்தான். (பின்னாளில் நானே ஒரு சின்ன விதிப்புத்தகம் எழுதியபோது, அந்தக் கட்டத்தைத் தாளின் வெளி ஓரத்துக்குக் கொண்டுபோனேன். எந்தப் பயந்தாங்கொள்ளி காப்பி எடுத்தாலும் அது தப்பிக்க வேண்டும்.)

நடந்ததைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் கத்துவார், முதலாளி கத்துவார் என்று நினைத்தபோதே வாந்தி தொண்டைவரை வந்துவிட்டது. கறுப்பின்மேல் வெள்ளை மை தடவிக் காயவைத்து, மெல்லிய பேனாவால் அச்சு மாதிரியே எண்களை நானே எழுதி, அந்தத் தாள்களை மறுபடி காப்பி எடுத்துச் சேர்த்துவிட்டேன். பார்த்தால் அச்சடித்த மாதிரியே இருந்தது.

ஆனால் வாய்க்கு வந்த எண் எதையும் போடவில்லை. ஒவ்வொன்றின் படத்தையும் பார்த்து யோசித்துத்தான் போட்டேன். புதையல்மேல் படுத்திருக்கும் நெருப்புப் பாம்புக்கு நாலு, ஏனென்றால் இழக்க நிறைய வைத்திருப்பவன்தான் முதலில் ஓடுவான். சுரங்கத்து எலிக்குப் பதினொன்று, அதற்கு இழக்க என்ன இருக்கிறது? எழுந்து நடக்கும் எலும்புக்கூட்டுக்கு ஆறு. ஒரு தடவை செத்துப் பார்த்தவனுக்குத்தானே சாவென்றால் என்னவென்று தெரியும்? மற்ற விஷயங்கள் எனக்குத் தெரியாமல் இருக்கலாம். யார் எப்போது பயப்படுவார்கள் என்பதில் எனக்குப் பதினைந்து வருஷ அனுபவம்.

ஸ்பைரல் புத்தகத்தை வாங்க வந்தவர் புரட்டிப் பார்க்கும்போது, அவர் கவனத்தை மாற்றுவதற்காகவே ஒரு கேள்வி கேட்டேன்.

"சார், நடுவருக்கு எல்லாமே தெரியுமே. அவர் நெனச்சா எல்லாரையும் கொன்னுடலாம். பின்ன எப்படி அவர நம்பி ஆடுறது?"

அவர் நிமிர்ந்தார். "நீ படிச்சியா?"

"காப்பி சரியா விழுந்திருக்கான்னு..."

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் வா. எங்களுக்கு ஒரு ஆள் குறையுது."

இப்படித்தான் பார்க்குக்குப் பின்னால் அவர்களுடைய வாடகை ஃபிளாட்டில் நான் போய் உட்கார்ந்தேன். மதுரைக்காரர், சாஃப்ட்வேரில் தப்புக் கண்டுபிடிக்கும் டெஸ்டிங் வேலை பார்க்கும் நாகர்கோவில் அக்கா, விதுரைப் பக்கத்து மலையாளிச் சேட்டன் ஒருவர், நான். சேட்டனுக்கு என்னைவிடப் பத்து வயது கூட. ஆனாலும் முதல் நாளே என்னை "அண்ணாச்சி" என்றார். இந்த ஊரில் தமிழன் எவனும் அண்ணாச்சிதான்.

நாலைந்து வாரத்தில் மதுரைக்காரர் நடுவர் வேலையை என்னிடம் தள்ளிவிட்டார். அவருக்கு வீரனாக இருந்து வெட்டத்தான் ஆசை. நானோ வாரம் முழுக்க, காப்பிக்கு ஆள் வராத நேரமெல்லாம், கிராஃப் தாளில் சுரங்கம் வரைந்தேன். எந்தப் படி வழுக்கும், எந்தக் கயிறு அறும், விளக்கில் எண்ணெய் எந்த இடத்தில் தீரும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை. வாழ்நாள் முழுக்க எனக்காகப் பட்ட கவலையை இப்போது மூன்று பேருக்காகப் பட்டேன். அதற்கு அவர்கள் கைதட்டினார்கள்! பழம்பொரியும் பால் இல்லாத கட்டஞ்சாயாவும் எப்போதும் முதலில் எனக்குத்தான்.

என் எண்களால் எங்கள் ஆட்டம் வேறு மாதிரி ஆகியிருந்தது. அது எனக்கு மட்டும்தான் தெரியும். எங்கள் எலும்புக்கூடுகள் கெஞ்சின. நெருப்புப் பாம்பு பேரம் பேசியது. எலி என்று நான் சொன்னால் போதும், "அய்யோ, எலி! ஓடிக்கோ!" என்று சேட்டன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிடுவார். அக்கா எதைக் கண்டாலும், "பொறுங்க மக்கா, மொதல்ல பேசிப் பாப்பம்" என்பார். மதுரைக்காரரிடம் கையைத் தூக்கிய ஒரு எலும்புக்கூடு அவருக்கு விளக்குப் பிடிக்கும் வேலைக்காரனாகச் சேர்ந்து இரண்டு வருஷம் கூடவே நடந்தது. ஆட்டத்தில் எந்த ஊருக்குப் போனாலும் அதற்கு ஒரு தொப்பி வாங்குவார். அவருடைய வீரனின் கணக்குத் தாளில் ஆயுதங்களைவிடத் தொப்பிகளின் பட்டியல் நீளம்.

அப்புறம் கம்பெனி அவரை ஆறு மாதம் அமெரிக்கா அனுப்பியது. திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை, "எல்லாரும் கண்ண மூடுங்க" என்றார். திறந்தபோது மேஜைமேல் அசல் புத்தகம். பழைய புத்தகக் கடையில் தேடி வாங்கினாராம்.

சொல்லிவிடலாம், இப்போதே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பதற்குள், அக்கா வழக்கம்போல இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். தொழில் புத்தி.

"இதென்ன, எலும்புக்கூட்டுக்கு இதுல பன்னெண்டு, அதுல ஆறு?" தாளைப் புரட்டினார். "எலி... பாம்பு... அட, எல்லாமே மாறிக் கெடக்கே. மத்ததெல்லாம் சரியா இருக்கு. இந்த ஒரு கட்டம் மட்டும்..."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். சொன்னேன். முதுகை அழுத்தாதது, வெள்ளை மை, பேனா, எல்லாவற்றையும். சொல்லும்போது மேஜை விரிப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சேட்டன் முதலில் சிரித்தார். "எடா அண்ணாச்சி! ரெண்டு கொல்லமா நான் பேடிச்சு ஓடினது உன்றெ எலியையா?"

மதுரைக்காரர் சிரிக்கவில்லை. "ரெண்டு வருஷம் நாம ஆடினது இந்த ஆட்டமே இல்லையாப்பா?" என்றார். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "ரூல்னா ரூல்தான். இன்னைக்கு நான் நடத்துறேன். நீ ஆளா உக்காரு."

இடம் மாறி உட்கார்ந்தோம். அவ்வளவுதான், என் ஞாயிற்றுக்கிழமை முடிந்தது என்று நினைத்தேன். கடையில் நான் மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கும் ஆள். இந்த மேஜையில் மட்டும்தான், நான் வாயைத் திறந்தால் படித்தவர்கள் காது கொடுத்தார்கள். அது போனால் எனக்கு மிச்சம் ஷட்டரும் பூட்டும்தான்.

அசல் எண்களோடு ஆட்டம் தொடங்கியது. ஆட்டத்துக்குள் புது ஆட்கள், புதுச் சுரங்கம். முதல் கூடத்திலேயே எட்டு எலும்புக்கூடுகள்.

"பேசிப் பாக்கலாமா?" என்றார் அக்கா.

"பேசாது. பன்னெண்டு. ரெண்டு டைஸ்ல பன்னெண்டுக்கு மேல விழாது. ஓடவும் ஓடாது."

வெட்டினோம். செத்தோம். மறுபடி புது ஆட்களோடு போனோம். இந்தத் தடவை எலிகள் வந்தன. சேட்டன் எழுந்து நிற்பதற்குள் அவை சிதறி ஓடிவிட்டன. எழுந்தவர் அசடு வழிய உட்கார்ந்தார். மறுபடி எலும்புக்கூடு, மறுபடி வெட்டு. அந்தப் புத்தகத்தைக் குறை சொல்லமாட்டேன். வெட்டப் பிடித்தவர்களுக்கு அது நல்ல ஆட்டம்தான். ஆனால் எங்கள் மேஜையில் யாரும் பேசாமல் பகடை மட்டும் உருண்டுகொண்டிருந்தது. சாயா ஆறிப் போனது.

அக்கா தன் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"ஒண்ணு கேக்கட்டா? அசல்தான் சரின்னா, ரெண்டு வருஷத்துக்கு முந்தி அந்த எலும்புக்கூடு உங்ககிட்ட கையத் தூக்கியிருக்காது. பன்னெண்டுல்லா? அப்ப உங்க விளக்குக்காரன்?"

மதுரைக்காரர் பகடையை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார்.

"அவன் இல்லவே இல்லன்னு வச்சுக்கிடுவமா? அந்தத் தொப்பியெல்லாம்?"

"சும்மா இரும்மா."

"இல்ல, ரூல்னா ரூல்லா."

அவர் பையைத் திறந்து தன் பழைய தாளை எடுத்தார். ஆறு மாதம் அமெரிக்காவுக்கும் அதைக் கொண்டுபோயிருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. மடித்து மடித்து நைந்திருந்தது. கடைசித் தொப்பிக்குக் கீழே புது மையில் இன்னொரு தொப்பி எழுதியிருந்தது. அங்கே தனியாக ஹோட்டல் ரூமில் உட்கார்ந்து விளக்குக்காரனுக்கு ஒன்று வாங்கியிருக்கிறார், மனுஷன்.

தாளை மேஜைமேல் வைத்து நீவினார். பிறகு அசல் புத்தகத்தைத் திறந்து, தைரியக் கட்டம் இருக்கும் பக்கத்தை என் பக்கம் திருப்பினார்.

"எழுது."

"சார்?"

"உன் நம்பர எழுதுப்பா. அடிச்சிட்டு எழுது."

"பென்சில் இருக்கா சார்?"

"பேனா."

பேனாவை வாங்கினேன். முதல் எண்ணை அடிக்கும்போதே இன்னொன்றும் நடந்தது. அந்தப் புத்தகத்தின் முதுகை உள்ளங்கையால் நன்றாக அழுத்தினேன். ஒரு படக் சத்தம் கேட்டது. யாரும் கண்டுகொள்ளவில்லை. நானும்தான்.

ஒவ்வொரு எண்ணுக்கும் காரணம் கேட்டார்கள், சொன்னேன். பாம்புக்கு நாலு ஏன், எலிக்குப் பதினொன்று ஏன். எலும்புக்கூட்டின் காரணத்தைச் சொன்னபோது மதுரைக்காரர், "ஒரு தடவ செத்தவனா..." என்று மெதுவாகத் தலையாட்டினார். "இந்த அண்ணாச்சி சில்லற ஆள் அல்ல கேட்டோ" என்றார் சேட்டன். ஒன்பதாவது முடிக்காத என் கையெழுத்து, அச்சடித்த இங்கிலீஷ் புத்தகத்தில், கறுப்பு மையில், வரிசையாக இறங்கியது. அந்தப் பரீட்சையில் எனக்கு வாந்தி வரவில்லை.

முடித்ததும் இடம் மாறினோம். நடுவர் நாற்காலி திரும்ப எனக்கு. ஆட்களும் பழைய ஆட்கள்தான். விளக்குக்காரனுக்குப் புதுத் தொப்பி. ஆனால் உட்கார்ந்த பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. எண்கள் எல்லாம் இப்போது இவர்களுக்குத் தெரியுமே. எலிக்குப் பதினொன்று என்று எண்ணியே ஆடுவார்களே. இனி இவர்களை எப்படிப் பயமுறுத்துவது?

சுரங்கம் அவர்களைக் கடலோரம் கொண்டுவிட்டது. மீன்பிடித் துறைமுகம், படகு ஒன்றும் இல்லை, மணல் ஈரம்.

"கடல்ல எந்தெங்கிலும் உண்டோ?" என்றார் சேட்டன்.

"தண்ணிக்கடியில ஒரு வெளிச்சம். வள்ளம் அளவு இருக்கும். கரைய நோக்கி வருது."

மூவரும் ஒரே நேரத்தில் புத்தகத்துக்குக் கை நீட்டினார்கள். மதுரைக்காரர் கையில்தான் சிக்கியது. புரட்டினார், பின்னாலிருந்து புரட்டினார்.

"இது எந்தப் பக்கத்துல இருக்கு?"

"எந்தப் பக்கத்துலயும் இல்ல சார்."

"அப்போ இதோட தைரியம்?"

"அது எனக்கு மட்டும் தெரிஞ்சா போதும்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். சேட்டன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். விளக்குக்காரனை முன்னால் அனுப்புவதா வேண்டாமா என்று மதுரைக்காரர் என் முகத்தையே பார்த்தார். நான் எதையும் காட்டிக்கொள்ளாமல் பகடையைப் போட்டேன்.

எட்டு. அது ஓடவில்லை, நின்றது.