உப்பு பாத்துச் சொல்லுங்க

பஸ் டிப்போவின் பின்பக்கம், பழைய டயர்கள் அடுக்கிய கொட்டகைக்கும் ஆயில் டிரம்களுக்கும் நடுவில் ஒரு தகரக் கூரைச் சமையற்கட்டு. அதில் தினமும் இருநூறு பேருக்குச் சமைப்பவள் அக்கா. டிரைவர், கண்டக்டர், மெக்கானிக், பெரியவன், சின்னவன் எல்லோருக்கும் அவள் அக்காதான். அண்டா தூக்குவாள், அடுப்போடு மல்லுக்கட்டுவாள், கேஸ் சிலிண்டரைத் தனியாளாக உருட்டிக்கொண்டு வருவாள். அப்பேர்ப்பட்டவள், குழம்பு கொதித்ததும் கரண்டியில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, கல்லாவில் உட்கார்ந்திருக்கும் புருஷன் முன்னால் போய்ப் பூனை மாதிரி நிற்பாள்.

"ஏங்க, உப்பு பாத்துச் சொல்லுங்க."

அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார். உள்ளங்கையை மட்டும் நீட்டுவார். அவள் ஊற்றுவாள். நக்கிப் பார்த்து, நாக்கை ஒரு சொடுக்குச் சொடுக்கி, தீர்ப்புச் சொல்வார்: "கொஞ்சம் கொறையுது."

ஒருநாளாவது 'சரியா இருக்கு' என்று சொல்லியிருக்கிறாரா மனுஷன்? சொன்னால் வாய் கோணிக்கொள்ளும் போல! 'நல்லா இருக்கு' என்பதோ அவர் வாயிலிருந்து யாருமே கேட்டறியாத சொல். கல்யாணமான நாளிலிருந்து அந்த ஒரு சொல்லுக்காக அவள் காத்திருந்தாள். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லாமல் வைத்திருந்தாள்.

காய் நறுக்க ஒருத்தி வருவாள். கத்தியைவிட அவள் வாய் கூர்மை. வாயாடி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "ஏங்க்கா, உங்க நாக்கையும் மாமா கல்லாப்பெட்டியில போட்டுப் பூட்டி வச்சிருக்காரா?" என்று அவள் கேட்டால் அக்கா சிரித்து மழுப்பிவிடுவாள்.

சிரிக்காமல் என்ன செய்வாள்? கதை அப்படி. கல்யாணமான புதிதில், வீடு நிறைய விருந்தாளிகள். அடுப்படியில் இவள் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்ததைப் புருஷன் பார்த்துவிட்டார். "இவளை ருசி பாக்க விட்டா பாதிச் சட்டி காலியாயிடும், நமக்கெல்லாம் கழுவின தண்ணிதான்!" என்றார். கூடமே கொல்லென்று சிரித்தது. அன்று பந்தியில் ஒரு வாய்கூட அவளுக்கு இறங்கவில்லை. அதற்குப் பிறகு பரிமாறி முடியும்வரை அவள் எதையும் வாயில் வைத்ததே இல்லை. தமாஷுக்குச் சொன்னாராம்! தமாஷாம் தமாஷ்.

பயந்தவள் ஒரு வித்தையும் கற்றுக்கொண்டாள். சரியாகப் போட்டாலும் அவர் 'கொறையுது' என்பார், இன்னும் போட்டால் கரிக்கும், கரித்தால் திட்டும் அவளுக்குத்தான். அதனால் அரைப்பிடி குறைத்தே போடுவாள். அவர் 'கொறையுது' என்பார். மீதி அரைப்பிடியைப் போடுவாள். சாப்பிட்டவர்கள் கல்லாவில் வந்து, "அண்ணே, உங்க நாக்குக்குத் தங்கத்துல காப்பு போடணும்" என்பார்கள். அவரும் போட்டுக்கொண்டவர் மாதிரியே உட்கார்ந்திருப்பார்.

உப்புக்குத்தான் இப்படி என்றில்லை. புடவை நிறமானாலும் பல்வலியானாலும், "அவரைக் கேட்டுச் சொல்றேன்." ஒரு தடவை நர்ஸ்கள் விடுதியிலிருந்து ஆள் வந்தது. சமையல் முழுக்க அவள் பொறுப்பு, சம்பளம், தங்குவதற்கு வீடு. அவளுக்குப் போகத்தான் ஆசை. ஆனால் வாய் பழகியதைத்தான் சொன்னது: "அவரைக் கேட்டுச் சொல்றேன்." அவரைக் கேட்டாள். "உன்னால ஆகுமா? உப்பு போடவே உனக்கு ஆள் வேணும்" என்றார். அந்த இடத்துக்கு வேறொருத்தி போனாள். இன்றைக்கு அவளுக்கு மூன்று விடுதிகளின் சமையல். பஸ்ஸில் பார்த்தால்கூட அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

இந்த லட்சணத்தில் அவருக்கு ஒரு விஷக்காய்ச்சல் வந்தது. எழுந்து வந்து கல்லாவில் உட்கார்ந்தார். அதிலிருந்து தீர்ப்பு மாறிப்போனது. 'கொறையுது' என்பார், போட்டுவிட்டு வந்தால் மறுபடி 'கொறையுது' என்பார். மூன்றாவது தடவையும் போடுவாள். தட்டுகள் பாதியில் குப்பைக்குப் போயின. டிரைவர்கள் டிப்போ கேட்டுக்கு வெளியே ரொட்டிக் கடைக்கு நடந்தார்கள்.

டிப்போ மேனேஜர் நேரில் வந்துவிட்டார். "ஏம்மா, வாயில வைக்க முடியல. இந்த மாசத்தோட ஒப்பந்தம் முடியுது. வர்ற வெள்ளிக்கிழமை நானும் யூனியன்காரங்களும் வந்து சாப்பிடுவோம். அன்னிக்கும் இப்படின்னா, வேற ஆளுக்குக் குடுத்துடுவேன். அப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாது."

அந்தச் சமையற்கட்டு போனால் அவர்களுக்கு வேறு பிழைப்பு இல்லை. அது புருஷனுக்கும் தெரியும். ஆனாலும் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு, "நீ ஒழுங்கா போட்டாத்தானே?" என்றார்.

வியாழக்கிழமை அவளுக்கு நிலைகொள்ளவில்லை. அந்தப் பதற்றத்தில் பருப்புக்கு உப்பே போட மறந்துவிட்டாள். மறந்ததும் தெரியாமல் கரண்டியை ஏந்திக்கொண்டு போனாள். அவர் நக்கினார். நாக்கைச் சொடுக்கினார்.

"கூடிப்போச்சு. தண்ணி விடு."

திரும்பி வந்து பார்த்தால், அளந்து வைத்த உப்பு கிண்ணத்தில் அப்படியே இருக்கிறது. அக்கம்பக்கம் பார்த்தாள், திருடப் போகிறவளைப் போல. கரண்டியில் மிச்சமிருந்ததை நாக்கில் விட்டாள். உப்புமில்லை, சப்புமில்லை.

வாயாடி கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்லடி. பருப்பு நல்லா வெந்திருக்கு."

மறுநாள் மேனேஜரும் ஆட்களும் பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். இன்றைக்குக் கரண்டி வரவில்லையே என்று கல்லாவிலிருந்து அவரே எழுந்து சமையற்கட்டுக்கு வந்தார். வழக்கம்போல உள்ளங்கையை நீட்டினார். அக்கா தன் கையில் ஊற்றி, தன் நாக்கில் வைத்தாள். ஒரு கையால் அடுப்புமேடையைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் ஒரு பிடி போட்டாள், கிண்டினாள், மறுபடி பார்த்தாள்.

"வேணாங்க. நான் பாத்துட்டேன்."

"நீ பாத்தியா? உனக்கென்னடி தெரியும்? நாசமாப் போனா என்னைக் கேக்காதே!"

"கேக்கல. இனிமே கேக்கல."

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

மேனேஜர் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கினார். ஒப்பந்தம் கிடைத்தது. கை கழுவிவிட்டு அவர் கல்லாவைப் பார்த்து, "அண்ணே, நாக்கு சரியாயிடுச்சு போலிருக்கே!" என்றார். அந்தப் பாராட்டும் புருஷனுக்கே போய்ச் சேர்ந்தது. இதை எங்கே போய்ச் சொல்லி அழுவது?

பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு அவள் கேட்டாள். "எப்பலேர்ந்து உங்களுக்கு ருசி தெரியல?"

"காய்ச்சலுக்கு அப்புறம்" என்றார், தரையைப் பார்த்து. "எதைத் தின்னாலும் மண்ணு மாதிரி இருக்கு."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லிட்டு? அப்புறம் இங்க எனக்கு என்ன வேலை?"

அவளுக்கு ஒரு கணம் பாவமாகத்தான் இருந்தது. "சரி, அதுக்கு முன்னாடி? நாக்கு நல்லா இருந்தப்ப? நான் புதுசா வந்து சரியாப் போட்ட காலத்துல? அப்பவும் கொறையுதுன்னுதானே சொன்னீங்க?"

"சரியாத்தான் இருக்கும். சரின்னு சொல்லிட்டா மறுநாள் என்னை எதுக்குக் கேப்ப?" என்றார்.

அவளுக்கு அழுகை வரவில்லை. நர்ஸ்கள் விடுதி ஞாபகம் வந்தது. ஈரத்துணியை உதறி ஆணியில் மாட்டிவிட்டு, முதல் ஆளாக வீட்டுக்கு நடந்தாள்.

அதன்பிறகு எல்லாம் ஏறுமுகம்தான். பக்கத்து ஆஸ்பத்திரிக்கும் சாப்பாடு அனுப்பச் சொல்லிக் கேட்டார்கள். யாரையும் கேட்காமல் நின்ற இடத்திலேயே, "சரி" என்றாள். கல்லாவில் வாயாடியை உட்காரவைத்தாள். அவளிடம் ஒருத்தரும் பேரம் பேச முடியாது. அவரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டாள், மரியாதையாகத்தான். 'துணிச்சல்காரி' என்று டிப்போவே பேசியது. துணிச்சல்! தலையெல்லாம் நரைத்த பிறகு வந்து சேர்ந்த துணிச்சல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வீட்டில் இருவருக்கும் மட்டும் சமைத்து, அவருக்குத் தட்டில் போட்டு வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனாள். திரும்பி வந்தபோது பாதித் தட்டு காலியாகியிருந்தது. அவர் தலை நிமிர்ந்து, அவள் முகத்தைப் பார்த்து, மெதுவாகச் சொன்னார்:

"நல்லா இருக்கு."

சொம்போடு நின்றுவிட்டாள். வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த சொல் அல்லவா! முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எதிரில் உட்கார்ந்து, தனக்கும் போட்டு ஒரு வாய் எடுத்து வைத்தாள்.

உப்பே போடவில்லை. மறந்திருக்கிறாள்.

அவர் இன்னும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை அவளுக்கு நன்றாகத் தெரியும். கரண்டியை ஏந்திக்கொண்டு கல்லா முன்னால் நின்றபோது அவளிடம் இருந்த பார்வை அது. அவளை விட்டுப் போன பயம் எங்கேயும் போய்விடவில்லை, தட்டுக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தது.

உப்பு ஜாடியை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் கை ஜாடி வரைக்கும் போய் நின்றது.

"போட்டுக்கட்டுமா?" என்று கேட்டார்.