வெப்சைட்டுக்கு வந்த தீட்டு

கள்ளக்குறிச்சி கடைவீதியில் எங்கள் கடை. கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் சாமை, தினை, தேன், கடுக்காய் எல்லாவற்றையும் மாமனார் வெகுகாலமாக இங்கே விற்றுக்கொண்டிருக்கிறார். கல்யாணமாகி வந்த கையோடு நான் கடைக்கு ஒரு வெப்சைட் போட்டேன். போட்டதும் நான், பார்த்துக்கொள்வதும் நான், வியாபாரம் இல்லையென்றால் பேச்சு வாங்குவதும் நான்.

வெப்சைட்டுக்கு யார் வந்தார்கள் என்று காட்ட ஒரு ரிப்போர்ட் இருக்கிறது. பெயர் காட்டாது, எந்த ஊர், எந்த நேரம், எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று மட்டும் காட்டும். அதைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் கடை திறக்கிற நேரத்துக்குக் கூட்டமாக வருகிறார்கள். ஊர் சென்னை என்று இருக்கிறது. எந்த வழியாக வந்தார்கள் என்ற இடத்தில் 'நேரடி' என்று இருக்கிறது. கூகுளில் தேடி வரவில்லை, விளம்பரம் பார்த்து வரவில்லை. கடைப் பெயரை மனசில் வைத்துக்கொண்டு நேரே வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் ஒருத்தர் வாங்கினால்தானே! உள்ளே வருவார்கள், முதல் பக்கத்தை ஒரு பார்வை பார்ப்பார்கள், போய்விடுவார்கள். படம் சரியில்லையோ என்று படத்தை மாற்றினேன். விலை ஜாஸ்தியோ என்று குறைத்தேன். சென்னைக்காரர்கள்தானே வருகிறார்கள் என்று சென்னைக்கு மட்டும் விளம்பரம் கொடுத்தேன். விளம்பரத்தைப் பார்த்து ஈ காக்கா வரவில்லை. 'நேரடி' கூட்டம் மட்டும் தவறாமல் வந்து, தவறாமல் வெறும் கையோடு போனது.

இதற்குள் மாமனார் ஒரு வேலை செய்தார். எங்களுக்குச் சாமை கொடுக்கும் மலைக்காரப் பெண் ஒருத்தி கடைக்கு வந்திருந்தாள். என் வயசுதான் இருக்கும். அந்த வருஷம் நிலத்தில் மரவள்ளி வைக்கப்போவதாகச் சொன்னாள். மாமனார் என் போனைப் பிடுங்கி அவளிடம் ரிப்போர்ட்டைக் காட்டினார்.

"பாரும்மா, மெட்ராஸ்ல இருந்து தெனம் எத்தினி பேர் வந்துகினு இருக்காங்கன்னு. மரவள்ளி இன்னாத்துக்கு? மொத்தமும் சாமை போடு. நாங்க எடுத்துக்கிறோம்."

"இன்னும் யாரும் வாங்கல மாமா" என்று நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. அவள் மலைக்குப் போய் மொத்தமும் சாமையே விதைத்துவிட்டாள்.

பயிர் முளைத்து நிற்கும்போது களமருதூரில் பங்காளி வீட்டுப் பெரியவர் ஒருவர் இறந்துபோனார். எங்களுக்குத் தீட்டு. கடையை மூடினோம். மறுநாள் ரிப்போர்ட்டைப் பார்த்தால் கூட்டத்தைக் காணோம். அதற்கு மறுநாளும் இல்லை. வெப்சைட் கெட்டுவிட்டதோ என்று கிளறிக் கிளறிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. கருமாதி முடிந்து கடை திறந்த அன்று காலையில் அத்தனை பேரும் திரும்ப வந்தார்கள். களமருதூரில் ஒருவர் செத்தால் சென்னைக்காரனுக்கு எப்படித் தீட்டு வரும்?

மாமனாரிடம் போய்க் கேட்டேன். அவர் ஒளிக்கக்கூட இல்லை. பெருமையாகச் சொன்னார்.

"நான்தாம்மா சொல்லி வச்சிருக்கேன். கடை தொறந்து கற்பூரம் காட்டனதும் பங்காளிங்க வாட்ஸ்அப் குரூப்புல போடுவேன். எல்லாரும் ஒருதபா உள்ள போய்ட்டு வந்துடுவாங்க. கடை வெறிச்சோன்னு இருந்தா எவன் உள்ள வருவான்? தீட்டு நேரத்துல கடை தொறக்கலாமா? அதான் யாரும் போவாதீங்கன்னுட்டேன்."

சின்னசேலத்தில், களமருதூரில், உள்ளூரில் இருக்கிற அத்தனை பங்காளிகளும்தான் என் சென்னை வாடிக்கையாளர்கள்! போன் நெட்டில் திறந்தால் பல நேரம் ஆள் இருக்கிற ஊருக்குப் பதில் சென்னை என்று காட்டுமாம். அதையும் அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தக் குரூப்பில் மருமகள்களைச் சேர்ப்பதில்லை. என் வீட்டுக்காரர் அதில் இருக்கிறார். பக்கத்தில் படுத்து எழுந்து, தினமும் காலையில் அவரும் உள்ளே போய்விட்டு வந்திருக்கிறார்.

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அன்று சமைக்கவில்லை.

சண்டை போட்டு அதை நிறுத்தினேன். ரிப்போர்ட்டில் கோடு தரையோடு தரையாகப் படுத்தது. "நல்லா ஓடிக்கினு இருந்ததைக் கெடுத்துட்டியே" என்று மாமனார் என்னையே குற்றம் சொன்னார். இத்தனை சாமையை எடுக்க முடியாது, கடையில் விற்கிற அளவுக்கு எடுத்துக்கொண்டால் போதும் என்று அவரே பின்வாங்கவும் செய்தார். மலையில் ஒருத்தி நிலம் முழுக்க விதைத்துவிட்டுக் காத்திருக்கிறாள் என்றேன். எழுந்து காப்பி குடிக்கப் போய்விட்டார்.

எனக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு ஆள். தீட்டு நாட்களிலும் வந்த ஆள். காலையில் வந்து, முதல் பக்கத்தில் நிற்காமல் சாமைப் பக்கத்துக்குப் போய், வெகுநேரம் அங்கேயே இருக்கும் ஆள். இதற்கும் ஊர் சென்னை என்றுதான் காட்டியது. குரூப்பை நிறுத்திய பிறகும் வருகிறதே, இது நிஜமான சென்னையாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். அந்த ஒருத்தருக்காகச் சின்னப் பாக்கெட் போட்டேன். எத்தனை நாளில் வீட்டுக்கு வரும் என்று எழுதினேன். சாமைச் சோறு வடிக்கிற பக்குவத்தை எழுதினேன். அந்த ஆள் வாங்கிவிட்டால் அதே மாதிரி இன்னும் நாலு பேரைப் பிடித்துவிடலாம் என்று இருந்தது.

ஒருநாள் அந்த ஆளும் வரவில்லை. இனியும் மறைக்கக்கூடாது என்று மறுநாள் மலைக்காரப் பெண்ணுக்குப் போன் போட்டேன். நல்ல வேளையாகக் கிடைத்தாள். மாமனார் காட்டியது வெறும் பங்காளிக் கூட்டம் என்று உடைத்துச் சொன்னேன். சொல்லவே சங்கடமாக இருந்தது. தைரியம் சொல்வதற்காக அந்த ஒருத்தரைப் பற்றிச் சொன்னேன்.

"ஒருத்தர் மட்டும் நிஜமா வராங்க. காலைல வந்து உன் சாமைப் பக்கத்துலயே ரொம்ப நேரம் நிக்கறாங்க."

"காலைலயாக்கா?" என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "அது நானா இருக்கும்க்கா."

நான் கேட்பதற்குள் அவளே சொன்னாள்.

"ஒங்க மாமனாருதான் சொன்னாரு, உன் சரக்குதானே, நீயும் தெனம் ஒருதபா போய்ட்டு வான்னு. வூட்டாண்ட டவர் எடுக்காது. மேல பாறைக்கு ஏறிப் போவணும். அங்கயும் படம் வர நேரமாவும். வர்ற வரைக்கும் நின்னுகினு இருப்பேன்."

மாமனாரைத் திட்டக்கூட எனக்கு அப்போது தெம்பில்லை.

"நேத்து மழ ஜாஸ்திக்கா, ஏற முடியல" என்றாள். "ஆளு கம்மியாயிடுச்சா?"

"ஆமாம்" என்றேன். "நேத்து யாருமே வரல."