வாப்பா வச்ச பங்கு

எங்க வீட்டுல பங்குன்னா இறைச்சிதான். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு, வியட்நாமுல சைகோன்ல இருந்த காரைக்கால்காரங்க எல்லாரும் டோங் டு பள்ளிவாசலுக்குப் பின்னால கூடுவாங்க. குர்பானி இறைச்சியைக் கூறு போடுறது எங்க வாப்பா. பங்கு வைக்கிறவன் கடைசியாத்தான் எடுக்கணும், அது எங்க ஆளுங்க வழக்கம். அதனால அவர் கையை யாரும் உத்துக்கூடப் பாக்க மாட்டாங்க. மிஞ்சினதோட வீட்டுக்கு வந்தா உம்மா, "ஊருக்கு ஈரல், நமக்கு எலும்பாணமா?"ன்னு குழம்புக்கு எலும்பைக் கழுவிக்கிட்டே கேப்பா. சிரிச்சுக்கிட்டேதான் கேப்பா.

நாங்க அங்க இருந்த கடைசி வருஷம் அந்தச் சிரிப்பு போச்சு. சண்டை ஊர்கிட்ட வந்து, பட்டப்பகல்லயே பீரங்கிச் சத்தம் கேட்டுது. ஜவுளிக்கடைங்க ஒவ்வொண்ணா மூடிக்கிட்டே வந்துச்சு. ஒருநாள் ஜமாத்து ஆளுங்க வீட்டுக்கு வந்தாங்க. வெளிநாடு போற விமானத்துல நம்மவங்களுக்குக் கொஞ்சம் இடம் கிடைச்சிருக்கு, ஆளுங்கதான் அதிகம், நீங்களே பங்கு வச்சுக் குடுங்கன்னாங்க. வாப்பா சரின்னுட்டார். யா அல்லாஹ், ஒரு வார்த்தை யோசிக்கிறேன்னு சொல்லக் கூடாதா மனுஷன்!

அவங்க படியிறங்கினதும் உம்மா வெடிச்சா. "இது ஆட்டுக்கறி இல்ல. நம்ம மூணு பேரையும் முதல்ல எடுத்து வைங்க." அவர் ஆளுங்க பேரை ஒரு தாள்ல எழுத ஆரம்பிச்சார்.

மத்த வீடுகளுக்குக் குடுத்தது போக ஒரே ஒரு இடம் மிஞ்சுச்சு. அதை எனக்கு வச்சார். எனக்கு அப்ப பதினொரு வயசு.

டான் சோன் நாட் விமான நிலையத்துல எங்களை விமானத்துக்குக் கூப்பிட்டாங்க. எங்களோட வரவேண்டிய கடைக்காரர் ஒருத்தரை மட்டும் காணோம். வழியெல்லாம் சண்டைன்னு பேசிக்கிட்டாங்க. என்னை வழியனுப்ப வந்த உம்மா, வாப்பாவோட கையைப் பிடிச்சா.

"அவர் வரலேங்க. அந்த இடத்துல நான் புள்ளையோட போறேனே."

தனக்குன்னு அவ எதையும் கேட்டு நான் பாத்ததே இல்ல. வாப்பா வாசலையே பாத்துக்கிட்டு நின்னார். "அடுத்தவன் பங்கு அமானிதம், நம்மளை நம்பிக் குடுத்தது. அவர் வந்துருவார்."

வரல. விமானக் கதவைச் சாத்திட்டாங்க. எங்க வாப்பா மாதிரி நேர்மையான ஆள் உண்டான்னு இன்னைக்கும் பேசுறவங்க இருக்காங்க. பேசட்டும், எனக்குப் பத்திக்கிட்டுத்தான் வரும். விமானப் பணிப்பெண் என் மடியில இருந்த பையை வாங்கி, பக்கத்துல காலியா இருந்த இருக்கையில வச்சா. உம்மாவை அதுக்கப்புறம் நான் பாக்கவே இல்ல.