இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே

லத்தீஃபாவுக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டாள். கீபோர்டில் விரல் விழுகிற சத்தம் மட்டும் கூடும். அந்தச் சத்தத்தைக் கேட்டே அச்சகத்தில் இருப்பவர்கள் அவள் மேஜைப் பக்கம் போவதா, கொஞ்சம் பொறுத்துப் போவதா என்று முடிவு செய்துகொள்வார்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில், அட்டைப்பெட்டி கம்பெனிக்கும் லேத் பட்டறைக்கும் இடையே இருக்கிறது கோவிந்தனின் அச்சகம். கல்யாணப் பத்திரிகையும் நோட்டீசும் அடித்துக்கொண்டிருந்த இடம், பள்ளிக்கூட கைடுகள் அடிக்கிற இடமாக வளர்ந்ததற்கு லத்தீஃபாதான் காரணம். தமிழில் டைப் அடிக்க நூறு பேர் கிடைப்பார்கள். கணக்கை டைப் அடிக்க ஆள் கிடைக்காது. வர்க்கமூலத்துக்குள் பின்னம், பின்னத்துக்கு மேல் அடுக்கு, அதற்குப் பக்கத்தில் ஒரு வரைபடம் என்று வந்தால் மற்றவர்கள் கையை எடுத்துவிடுவார்கள். அவள் எடுக்கமாட்டாள். பூந்தமல்லியில் காலை ஏழரைக்கு பஸ் ஏறி வந்து, பதினான்கு வருஷமாக அதே நாற்காலியில் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தாள்.

அவளைப் பற்றி அச்சகத்தில் யாருக்கும் தெரியாத ஒரு விஷயம் உண்டு. அடிக்கிற ஒவ்வொரு கணக்கையும் அவள் மனசுக்குள் போட்டுப் பார்ப்பாள். பிளஸ் டூவில் கணக்கில் இருநூறுக்கு நூற்று எண்பத்தேழு வாங்கியவள். கல்லூரியில் கணக்குப் பிரிவில் இடமும் கிடைத்தது. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அவள் அத்தா, ஜாகிர் என்பவரோடு கல்யாணம் பேசி முடித்துவிட்டார். ஜாகிர் நல்ல மனுஷன்தான். பாடி பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். ஆனால் அந்த விண்ணப்பத்தை நினைத்தால் இன்றைக்கும் லத்தீஃபாவுக்குத் தாடை இறுகும். அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை.

போன வருஷம் ஏப்ரலில் பத்தாம் வகுப்புக் கணித கைடின் கையெழுத்துப் பிரதி வந்தது. எழுதியவர் இராமகிருஷ்ணன். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். அம்பத்தூரில் அவருடைய டியூஷனுக்கு இடம் கேட்டுப் பெற்றோர்கள் அலைவார்கள். அச்சகத்துக்கு வருகிற வேலையில் பாதி அவருடையது என்பதால், அவர் கார் வாசலில் நின்றாலே கோவிந்தன் எழுந்துவிடுவார்.

இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் லத்தீஃபாவின் கை நின்றது. y = x² − 5x + 6 என்ற இருபடிச் சார்புக்கு வரைபடம் வரைந்து தீர்வு காண்க என்பது கணக்கு. அட்டவணை சரியாகத்தான் இருந்தது. x ஒன்றானால் y இரண்டு. x இரண்டானால் பூஜ்யம். மூன்றுக்கும் பூஜ்யம். நான்கானால் மறுபடி இரண்டு. ஆனால் படத்தில், மேலிருந்து இறங்கிய கோடு இரண்டாம் புள்ளியில் x அச்சைத் தொட்டு, அச்சின் மேலேயே தரையில் நடப்பதுபோல் மூன்று வரைக்கும் நடந்து, பிறகு மேலே ஏறியது. அடிப்பாகம் தட்டையான வாளி மாதிரி ஒரு பரவளையம்.

அவள் இரண்டரையைப் போட்டுப் பார்த்தாள். ஆறே கால், கழித்தல் பன்னிரண்டரை, கூட்டல் ஆறு. வந்தது மைனஸ் கால். அச்சுக்குக் கீழே போகிறது. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே கோடு அச்சைத் தாண்டிக் கீழே இறங்கி, இரண்டரையில் திரும்பி, மேலே வரவேண்டும். வளைவின் முனை அங்கேதான் இருக்கிறது. இருப்பதிலேயே முக்கியமான இடத்தைத்தான் இந்தப் படம் விழுங்கியிருந்தது.

புத்தகத்தின் மற்ற வரைபடங்களையும் புரட்டினாள். மொத்தம் ஒன்பது படங்களில் இதே தட்டை. நடு எண், அதாவது x-இன் கெழு, ஒற்றைப்படையாக வந்த கணக்குகளில் எல்லாம் முனை இரண்டு முழு எண்களுக்கு நடுவே விழுகிறது. முழு எண்களை மட்டும் அட்டவணையில் போட்டு ஸ்கேலை வைத்துச் சேர்த்துவிட்டார் மனிதர்.

புரூஃப் பார்க்க இராமகிருஷ்ணன் வந்த அன்று அவள் எழுந்து போய் மரியாதையாகத்தான் சொன்னாள்.

"சார், இருநூத்திப் பன்னெண்டுல படம் கொஞ்சம் பாருங்க சார். ரெண்டரையில மைனஸ் கால் வருது. கோடு கீழ எறங்கணும்."

அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பார்த்தது அவளை இல்லை, கோவிந்தனை.

"யாருய்யா இது?"

"டைப் அடிக்கிற பொண்ணு சார். கணக்கெல்லாம் இதுதான் அடிக்கும்."

"அடிக்கட்டும். முப்பத்திரண்டு வருஷம் பாடம் நடத்தியிருக்கேன். பசங்களுக்கு அட்டவணையில இருக்கற புள்ளிய வெச்சாப் போதும், மார்க்கு வந்துரும். ரெண்டரை, மூணரைன்னு போயி அதுங்கள ஏம்மா கொழப்பணும்?"

"கொழப்பறதில்ல சார். தட்டையா போட்டா ரெண்டுல இருந்து மூணு வரைக்கும் இருக்கற எல்லா எண்ணும் தீர்வுன்னு ஆயிடும். தீர்வு ரெண்டே ரெண்டுதான?"

இராமகிருஷ்ணன் சிரித்தார். சிவப்புப் பேனாவை எடுத்து, கையெழுத்துப் பிரதியின் ஓரத்தில் எழுதினார்: 'மூலத்தில் உள்ளபடியே வரைக. டைப் செய்பவர் திருத்த வேண்டாம்.' கீழே சுருக்கொப்பம். பேனாவை மூடிக்கொண்டே, "ஒன் வேல எதுவோ அதப் பாரும்மா" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் கீபோர்டு படபடவென்று அடித்தது. ஒன்பது தட்டைகளையும் அவள் தன் கையாலேயே வரைந்தாள். வேலை வேண்டும். பிள்ளை படிக்கிறது. வேறென்ன செய்வது?

புத்தகம் ஜூனில் வெளிவந்தது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று கடைக்குக் கடை அடுக்கி வைத்தார்கள். லத்தீஃபாவின் மகள் மெஹக் அந்த வருஷம்தான் பத்தாம் வகுப்பு. கைடை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று லத்தீஃபா சொல்லிவிட்டாள். மெஹக் வரைபடத்தாளை விரித்து உட்காரும்போது லத்தீஃபா அவளிடம் ஒன்றே ஒன்று மட்டும் சொன்னாள்: "ரெண்டு புள்ளியும் ஒரே உசரத்துல பக்கத்துப் பக்கத்துல வந்தா, நடுவுல ஒண்ணு போட்டுப் பாரு."

அரையாண்டுத் தேர்வில் அதே கணக்கு வந்தது. மெஹக் நடுவில் ஒன்று போட்டுப் பார்த்தாள். கோட்டை அச்சுக்குக் கீழே இறக்கி, அழகாக வளைத்து மேலே ஏற்றினாள். எட்டு மதிப்பெண்ணுக்கு ஐந்து கிடைத்தது. வளைவின் அடியில் சிவப்பு மையில் ஒரு வட்டம். பக்கத்தில், 'கைடைப் பார்.'

விடைத்தாளைப் பார்த்ததும் லத்தீஃபாவுக்குக் காது சூடேறிவிட்டது. மறுநாள் அரைநாள் லீவு சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.

கணக்கு ஆசிரியை அனுசுயாவுக்கு முப்பது வயசுகூட இருக்காது. மேஜையில் மூன்று வகுப்பின் விடைத்தாள் கட்டுகள். பக்கத்திலேயே இராமகிருஷ்ணன் கைடு விரித்தபடி கிடந்தது.

"மூணு மார்க்கு ஏன் கொறைச்சீங்க மிஸ்?"

"அச்சுக்குக் கீழ கோடு போயிருக்கு பாருங்க. அட்டவணையில மைனஸே வரலியே."

"ரெண்டரைய போட்டுப் பாருங்க மிஸ். நீங்களே போடுங்க. நான் சொல்லல."

சொன்ன தொனியில் அனுசுயாவின் முகம் மாறியது. இருந்தாலும் பென்சிலை எடுத்தாள். தாளின் பின்பக்கத்தில் போட்டாள். இன்னொரு தடவையும் போட்டாள். பிறகு கைடை இழுத்து அந்தப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாள்.

"எனக்கு இது தெரியாதுன்னு இல்லைங்க," என்றாள் மெதுவாக. "நூத்தி எண்பது பேப்பர். பக்கத்துல இத வெச்சிக்கிட்டு வேகமா திருத்திட்டேன். தட்டையா போட்ட அத்தன பேருக்கும் எட்டு குடுத்திருக்கேன்." மெஹக்கின் தாளில் ஐந்தை அடித்து எட்டு எழுதினாள். அப்புறம் கைடைத் தட்டி, "இப்படி ஒரு படத்த யாருங்க போட்டு வெச்சது?" என்று எரிச்சலோடு கேட்டாள்.

லத்தீஃபா அதை எதிர்பார்க்கவில்லை.

"நான்தான் மிஸ் போட்டேன். என் கையாலதான் வரைஞ்சேன்."

நடந்ததை முழுக்கச் சொன்னாள். பள்ளிக்கூடத்துக்கு வரும்போது ஆசிரியை மேல் இருந்த கோபம், திரும்பிப் போகும்போது தன் மேலேயே திரும்பியிருந்தது. அன்றைக்கு ஏன் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை? ஒன்பது படம். எத்தனை பிள்ளைகள் அதைப் பார்த்து வரைந்திருக்கும்? பஸ்ஸில் ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

ஒரு வாரத்தில் பள்ளிக்கூடத்தின் முத்திரையோடு அனுசுயாவின் கடிதம் அச்சகத்துக்கு வந்தது. பிழை இன்னது, காரணம் இன்னது, உடனே திருத்தம் வெளியிடாவிட்டால் மேலிடத்துக்கு எழுதுவோம் என்று இருந்தது. கோவிந்தன் படித்துவிட்டு வியர்த்துப்போய் இராமகிருஷ்ணனுக்குப் போன் போட்டார். சாயங்காலத்துக்குள் திருத்தச் சீட்டுக்கான வாசகம் வாட்ஸப்பில் வந்தது. கோவிந்தன் அதை லத்தீஃபாவின் மேஜைக்குக் கொண்டுவந்தார்.

"லத்தீஃபாம்மா, இத அவசரமா அடிச்சுக் குடும்மா. எல்லாக் கடைக்கும் அனுப்பணும்."

அவள் படித்தாள். 'பக்கம் 212இல் தட்டச்சு செய்தவரின் கவனக்குறைவால் வரைபடம் தவறாக அச்சாகியுள்ளது. வருந்துகிறோம். சரியான வரைபடம் கீழே.'

இந்தத் தடவை கீபோர்டு சத்தம் போடவில்லை. எழுந்து அலமாரியைத் திறந்தாள். கையெழுத்துப் பிரதிகளை அவள் எப்போதும் கட்டி வைப்பாள். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை உருவி, சிவப்பு மை தெரியும்படி மேஜையில் வைத்தாள்.

"இத படிங்க சார்."

"எனக்குத் தெரியும்மா. நானும்தான அன்னிக்கி கூட இருந்தேன்."

"தெரிஞ்சிகினே இத அடிக்கச் சொல்றீங்களா? என் கையாலயே என்னத் திட்டி நானே அடிக்கணுமா? இன்னா சார் நெனச்சிகினு கீறீங்க?"

அச்சகமே நின்றுவிட்டது. மிஷின் ஓட்டுகிறவர்கூட எட்டிப் பார்த்தார். பதினான்கு வருஷத்தில் அவள் குரல் அந்தக் கூரை வரைக்கும் போனது அன்றைக்குத்தான்.

"பேரு ஒண்ணும் போடலியேம்மா. தட்டச்சு செய்தவர்னுதான கீது? யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும். என் பொண்ணுக்குத் தெரியும். நான் அடிக்கமாட்டேன். நீங்களே அடிச்சிக்கோங்க."

பையை எடுத்துக்கொண்டு வெளியே போய், டீக்கடையில் நின்றாள். உள்ளே கோவிந்தன் நிஜமாகவே உட்கார்ந்து அடித்துப் பார்த்தார். முக்கால் மணி நேரம் ஆனது. அடுக்குக்குறி மேலே ஏறவில்லை. x2 என்று தரையிலேயே உட்கார்ந்திருந்தது. வளைவு வரையப் போனால் கோடு எங்கெங்கோ ஓடியது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு டீக்கடைக்கு வந்தார்.

"இன்னாதாம்மா செய்யணும்ன்ற?"

"அவரு இங்க வரணும். தப்பு ஒண்ணு இல்ல, ஒம்போது கீது. ஒம்போதையும் அவரே போட்டு, அவரே வரைஞ்சு, கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். நான் டைப் பண்றேன். தட்டச்சு செய்தவர்ன்ற வார்த்தை அதுல வரக்கூடாது. இல்லன்னா இந்தப் பக்கத்த போட்டோ எடுத்து அந்த மிஸ்ஸுக்கு அனுப்பிடறேன். வேலையிலேந்து தூக்கறதுன்னா தூக்கிக்கோங்க."

கோவிந்தன் போனை எடுத்தார். இராமகிருஷ்ணன் போனில் போட்ட சத்தம் டீக்கடைக்காரர் வரைக்கும் கேட்டது. கோவிந்தன் முதன்முதலாக அவரிடம், "சார், சிவப்பு மையில நீங்க எழுதினது எங்கிட்ட பத்திரமா கீது" என்றார். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் பதினோரு மணிக்கு இராமகிருஷ்ணன் வந்தார். யாரையும் பார்க்காமல் லத்தீஃபாவின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார். அவள் ஒன்பது வரைபடத்தாள்களையும் ஒரு பென்சிலையும் முன்னால் வைத்தாள். ஸ்கேல் வைக்கவில்லை.

முதல் மூன்றையும் மளமளவென்று போட்டார். நடு எண்ணின் குறியை மாற்றி, முதல் கெழுவின் இருமடங்கால் வகுத்து, முனை எங்கே என்று கண்டுபிடித்து, அங்கே y என்ன என்று போட்டு, கையாலேயே வளைத்தார். தெரியாத மனிதர் இல்லை. தெரிந்தவர்தான் என்பது அவளுடைய கோபத்தை இன்னும் கூட்டியது. நான்காவதில் x² + x − 2. முனையை x = ½ என்று குறித்தார்.

"குறிய மாத்தல சார்," என்றாள். "மைனஸ் அரை."

அவர் பென்சில் நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது. அழித்துவிட்டு, y அச்சின் இடப்பக்கம் மைனஸ் அரைக்கு நேராக, மைனஸ் இரண்டே காலில் புள்ளி வைத்தார்.

ஒன்பதையும் முடித்துவிட்டு, "போதுமா?" என்றார்.

"கையெழுத்து சார். ஒவ்வொண்ணுலயும்."

போட்டார். எழுந்து போனார். ஒரு மன்னிப்பும் கேட்கவில்லை. அவள் அதை எதிர்பார்க்கவும் இல்லை.

திருத்தச் சீட்டு இரண்டு பக்கத்துக்கு வந்தது. ஒன்பது வளைவுகளும் முனையோடு, சமச்சீர் அச்சைப் புள்ளிக்கோடாகக் காட்டி. கீழே நூலாசிரியர் பெயர். அனுசுயா அதில் இருநூறு பிரதி கேட்டு வாங்கி, அந்த ஒரு பாடத்தை மூன்று வகுப்புக்கும் மறுபடி நடத்தினாள். திரும்பத் திருத்தியதில் எழுபது பேருக்கு மேல் மதிப்பெண் குறைந்தது, பெற்றோர்கள் வந்து சண்டை போட்டார்கள் என்று மெஹக் வந்து சொன்னாள். பாவம் அந்த மிஸ், என்றாள் லத்தீஃபா. அந்த எழுபது பிள்ளைகளை நினைத்து அவளுக்கு மறுபடியும் நெஞ்சு எரிந்தது.

இராமகிருஷ்ணன் அதற்குப் பிறகு அச்சகத்துக்கு வருவதில்லை. கையெழுத்துப் பிரதியை டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறார். எங்கேயாவது இடித்தால் லத்தீஃபா அந்தப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு, அதே டிரைவரிடம் திருப்பி அனுப்பிவிடுகிறாள். போன மாதம் பதினொரு பக்கம் போனது. பதினொன்றும் திருத்தத்தோடு திரும்பி வந்தது, ஒவ்வொன்றிலும் சுருக்கொப்பத்தோடு.