ஆள் இல்லாமல் பேசிய பெட்டி

எர்ணாவூர் மார்க்கெட்டில் மீன் விற்கிறேன். கடையில் க்யூஆர் அட்டையும், பணம் வந்தால் தொகையைச் சொல்லும் பெட்டியும் உண்டு. அன்று மதியம் சங்கரா மீனில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று பெட்டி, "இரண்டாயிரம் ரூபாய் பெறப்பட்டது" என்றது. எதிரில் ஒருவருமில்லை. மறுபடியும் சொன்னது.

செல்போனில் பணம் வைத்துப் போக்கர் சீட்டு ஆடும் என் கொழுந்தன் சேகர்மேல்தான் சந்தேகம். போன் செய்தேன்.

"காசு வச்சு ஆடுறதுக்கு கவர்மென்ட்டு தடை போட்டதுலேர்ந்து ஆப்ல பணம் கட்ட வழியில்ல அண்ணி. அதான் உன் அட்டைய போட்டோ எடுத்து குரூப்புல போட்டேன். ஆடுறவங்க அதுல கட்டுவாங்க, நீ அத ஆட்டம் நடத்துற ஏஜென்ட்டுக்குத் தள்ளிவுடு. இன்னா இப்போ?"

"இன்னாவா? போலீசு என்னைத்தான்டா இட்டுகினு போவும்!"

மீனைப் போட்டது போட்டபடி பேங்குக்கு ஓடினேன். மேனேஜர் உடனே அந்த அட்டையை முடக்கினார். "நீங்களா வந்து சொன்னதால தப்பிச்சீங்கம்மா. யாராவது புகார் குடுத்திருந்தா கணக்கே முடங்கியிருக்கும். வந்த பணத்தைத் தொடாதீங்க" என்றார்.

இப்போது புது அட்டை. சேகரைக் கடைப்பக்கமே அண்ட விடுவதில்லை. ஆனாலும் பெட்டி பேசினால், பாதி வெட்டிய மீனோடு நிமிர்ந்து, எதிரில் ஆள் நிற்பதைப் பார்த்த பிறகுதான் மூச்சு விடுகிறேன்.