நேற்று எங்கே பிடித்தீர்கள்?

அந்தக் குழாயில் ஓர் ஆடு கட்டியிருந்தது. மண்ணச்சநல்லூரைத் தாண்டித் திருவெள்ளறை போகும் வழியில் ஒரு கிராமம். அதன் மேட்டுத்தெருவில் கடைசி வீட்டு வாசல். பக்கத்து வீட்டுக் குழாயில் துணி காய்ந்துகொண்டிருந்தது. முந்தின வாரம்தான் நான் அதே தெருவுக்கு வந்து, எல்லா வீடுகளுக்கும் நேராகக் ‘குடிநீர் இணைப்பு உண்டு’ என்று குறித்துவிட்டுப் போயிருந்தேன். குழாய்கள் இருந்தன, பார்த்தேன், எழுதினேன். இருபது ஆண்டுகள் செய்தியாளனாக இருந்தவன் செய்யக்கூடாத தவறு அது.

பத்திரிகை வேலையை விட்டபின் மாவட்ட அறிக்கை ஒன்றை எழுதும் பணியில் சேர்ந்திருந்தேன். வறுமையை ஒழிப்போம், எல்லோருக்கும் பாதுகாப்பான குடிநீர் தருவோம் என்று உலக நாடுகள் கூடி ஒப்புக்கொண்ட இலக்குகளில், நம் மாவட்டம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று மதிப்பிடும் அறிக்கை. அதற்காக நாங்கள் வீடு வீடாகப் போய் நிரப்பிய கணக்கெடுப்புத் தாள்களைச் சரிபார்த்தவர் புள்ளியியல் ஆய்வாளர். ஸ்ரீரங்கத்துப் பெண், என்னைவிடப் பத்து வயது இளையவர். கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி எல்லா ஊருக்கும் ஸ்கூட்டரிலேயே வந்துவிடுவார். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. நிரப்பிய தாள்களில் சிலவற்றை உருவிக்கொண்டு அந்த வீடுகளுக்கே போவார். படிவத்தில் உள்ள கேள்வியைக் கேட்கமாட்டார். குழாய் இருக்கிறதா என்றால் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். அது பொய்யும் இல்லை. அவர் நேற்றைப் பற்றி மட்டும் கேட்பார்.

“அக்கா, நேத்து தண்ணி எங்க பிடிச்சீங்க?”

கடைசி வீட்டுப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தார். “இந்த சார் அன்னைக்கு ஒண்ணுமே கேட்கலீங்களே. எட்டிப் பார்த்தாரு, எழுதிக்கிட்டாரு, போயிட்டாரு. ஆடு கட்ட வாகா இருக்குங்க மேடம், அதையும் எழுதிக்கச் சொல்லுங்க.”

மேட்டுக்குத் தண்ணீர் ஏறவில்லை. கீழத்தெருப் பொதுக்குழாயில் வரிசையில் நின்றுதான் பிடிக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு மண்ணச்சநல்லூர் அரிசி ஆலையில் களத்து வேலை. அவித்த நெல்லை வெயில் ஏறுமுன் பரப்பியாக வேண்டும். “தண்ணி பிடிச்சுட்டு ஏழு மணிக்கு மேல போனா மேஸ்திரி திருப்பி அனுப்பிடுவாருங்க. வாரத்துல ரெண்டு நாளு இப்படித்தான். பத்து மணிக்கு வீட்ல உக்காந்து உங்ககிட்ட பேசிக்கிட்டிருக்கேனே, இன்னைக்கும் போகலைன்னு அர்த்தம்” என்றார்.

ஆய்வாளர் தாளை ஸ்கூட்டர் இருக்கையில் வைத்து, நான் எழுதிய ‘உண்டு’ எல்லாவற்றையும் அடித்தார். “வறுமைக்கு ஒரு கட்டம், தண்ணிக்கு ஒரு கட்டம்னு பிரிச்சு வச்சிருக்கோம் சார். இந்த அக்காவுக்கு ரெண்டும் ஒரே வரிசையிலதான் நிக்குது.”

அந்தக் கிராமம் ‘இலக்கு நிறைவேறியது’ பட்டியலில் சேர இருந்தது. சேர்ந்துவிட்டால் மேட்டுத்தெருவுக்கென்று இனி எந்தப் பணியும் வராது. திருத்திய தாளைப் பார்த்த மேலதிகாரி கூட்டத்தில் அலுத்துக்கொண்டார்: “ஒரு தெருவுக்காக மாவட்டமே பின்னாடி போகணுமாம்மா?”

“மாவட்டம் இருக்கிற இடத்துலதான் சார் இருக்கு. நாமதான் முன்னாடி எழுதிட்டோம்.”

மேலதிகாரி என் பக்கம் திரும்பினார். “நீங்கதானே முதல்ல உண்டுன்னு எழுதினீங்க?” பத்திரிகையில் பிழைதிருத்தம் உள்பக்கத்தில் சிறிய எழுத்தில் வரும், யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. அன்று எழுந்து நின்று சொன்னேன்: “நான் குழாயைத்தான் பார்த்தேன் சார். தண்ணியைப் பார்க்கலை.” அவர் திருத்திய தாளில் கையெழுத்திட்டார்.

உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. ஆய்வாளர் வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போனார். அதற்கும் பிறகுதான் மேட்டுக்கென்று தனியாக ஒரு நீர்த்தொட்டி எழுந்தது. தொலைவில் எங்கோ கையெழுத்தான ஒரு வாக்குறுதி அந்த மேடு ஏற இத்தனை நாள் ஆயிற்று, ஆனாலும் ஏறியது.

இந்த ஆண்டு அடுத்த மதிப்பீட்டுக்காக மறுபடி போனேன். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் ஆய்வாளர் கேட்பதைப் போலவே கேட்டேன். “நேத்து இங்கதாங்க பிடிச்சோம். முந்தாநாள் கரண்ட் இல்ல, வரலை. அதையும் எழுதுங்க” என்றார். எழுதினேன். கடைசி வீடு பூட்டியிருந்தது.

“அவ ஆறரைக்கே மில்லுக்குப் போயிட்டாளே. இப்பல்லாம் பகல்ல அவளைப் பிடிக்கவே முடியாதுங்க.”

பூட்டிய வீடு என்றால் கணக்கெடுப்பவனுக்கு எரிச்சல்தான். இன்னொரு நடை வரவேண்டும். அந்தப் பூட்டைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். மணி பத்து, அன்று அவர் வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருந்த அதே நேரம். ‘வீடு பூட்டியிருந்தது, வேலைக்குப் போயிருக்கிறார்’ என்று எழுத நினைத்தேன். பின்பாதிக்குப் படிவத்தில் இடமில்லை. தாளின் ஓரத்தில் எழுதினேன்.